லேடீஸ் துப்பாக்கி என்று ஒன்று கிடையாது

போன மாதம், நான் இருபத்தேழு வருடம் வேலை பார்த்த ரைஃபிள் கிளப்பிலிருந்து போன் வந்தது. பெண்களுக்கென்று தனியாகப் பயிற்சி வகுப்பு தொடங்குகிறார்களாம், நான் வந்து விளக்கேற்றித் தொடங்கி வைக்க வேண்டுமாம். ஓய்வு பெற்ற பிறகு மூன்று வருடமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, இப்போதாவது ஞாபகம் வந்ததே என்று சந்தோஷமாகத்தான் போனேன். மேசைமேல் நாலு கைத்துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். நாலும் உள்ளங்கையில் அடங்குகிற குட்டிகள். நாலுக்கும் ரோஸ் கலர் பிடி. புதுச் செயலாளர், "லேடீஸுக்குன்னே ஸ்பெஷலா வாங்குனதுங்க மேடம், தூக்கறதுக்குக் கஷ்டமே இருக்காது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுல நீங்க முதல்ல பத்து குண்டு சுடுங்க தம்பி, அப்புறமா நான் விளக்கேத்தறேன்" என்றேன். அவர் சிரித்து மழுப்பினார். நான் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். விளக்கை வேறு யாரோ ஏற்றியிருப்பார்கள். அன்று அங்கே நின்றிருந்த புதுப் பயிற்சியாளர் பெண்கள் இரண்டு பேர் கேட்டுக்கு வெளியே வரை ஓடி வந்து, "எதுக்கு மேடம் இவ்வளவு கோபம்?" என்று கேட்டார்கள். நின்ற வாக்கில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் நூர்ஜகான். கிளப்பில் நூரக்கா. சேலம் கோட்டைப் பக்கம் அத்தா பூட்டு, பீரோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஸ்பிரிங், ஸ்குரு, நெம்புகோல் எல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பழக்கம். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து சுடக் கற்றுக்கொண்டேன். மாநிலப் போட்டி வரை போனேன், பரிசு வாங்கவில்லை. பிறகு ஊருக்கு வெளியே, ஏற்காடு மலை முதுகுக்குப் பின்னால் தெரிகிற இந்தக் கிளப்பில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டே வருடத்தில் ஆயுதப் பெட்டகச் சாவி என் கைக்கு வந்துவிட்டது, பூட்டுக்கடைக்காரர் மகளாயிற்றே. அதற்கப்புறம் புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பும் வந்தது. சொந்தத்தில் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். அத்தா மட்டும், "எம்பொண்ணு கள்ளச்சாவி போடப் போகல, வேலைக்குப் போறா" என்று வாயை அடைத்தார்.

எங்கள் கிளப்பில் சுடுதளத்துக்குப் பொறுப்பாளர் ஒரு ரிட்டயர்டு சுபேதார். ஆத்தூர் பக்கத்துக்காரர். அவர் பெயரை யாரும் சொன்னதில்லை, எல்லோருக்கும் சுபேதார் சார்தான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் கையிலிருந்தும் அவர் நேராகத் துப்பாக்கியை வாங்க மாட்டார். நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாம்தான் குண்டுகளை எடுத்து, திறந்து, காலியாக இருப்பது தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்து, ஒரு எட்டு பின்னால் நகர வேண்டும். அப்புறம்தான் குனிந்து பார்ப்பார், சுண்டுவிரலை விட்டுத் துழாவுவார், அதற்கப்புறம்தான் எடுப்பார். கலெக்டர் வந்தாலும் இதேதான். ஒரு தடவை வந்திருந்த பெரிய அதிகாரி ஒருவர் கையில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டே மூன்று நிமிடம் நின்றார், இவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் அதிகாரிதான் மேசையில் வைத்தார்.

பதிவேடு எழுதுவதும் அப்படித்தான். மைப்பேனாவால் எழுதி, வாயால் ஊதிக் காயவைத்து, அப்புறம்தான் பக்கத்தைத் திருப்புவார். அடித்தல் திருத்தல் கூடாது. தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டால்கூட, அடியில் புதிதாக ஒரு வரி எழுதி இது சரி என்று கையெழுத்துப் போடுவார். "எழுதனது எழுதனதுதாம்மா" என்பார். அவரிடம் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி தங்கம். மீதிக் கால்வாசிதான் இந்தக் கட்டுரை.

அந்தக் கால்வாசி, பெட்டகத்தின் கீழ்த்தட்டில் ஒரு மரப்பெட்டியாக இருந்தது. மூடிமேல் அவர் கையெழுத்தில் 'மகளிர்' என்று எழுதியிருக்கும். உள்ளே குட்டையான, லேசான கைத்துப்பாக்கிகள் மூன்று. புதிதாக ஒரு பெண் வந்தால் அந்தப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். பொம்பளைக் கை சின்னது, அதனால் துப்பாக்கியும் சின்னது. இதுதான் கணக்கு. எனக்கும் முதல் நாள் அதில் ஒன்றைத்தான் கொடுத்தார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கன்றிப் போய், நாலு நாள் சோறு பிசைய முடியவில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது சார் என்றேன். புதிதாகச் சேர்ந்தவள் வேறென்ன சொல்வாள்?

அதைவிட வெட்கக்கேடு, அதற்கப்புறம் பல வருடம் நானே அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து கொடுத்தேன். பெண்கள் வருவார்கள், இரண்டு வாரம் சுடுவார்கள், குண்டு வெடிக்கும் முன்பே கண்ணை மூடப் பழகிவிடுவார்கள், மூன்றாவது வாரம் வர மாட்டார்கள். "நமக்கு இதெல்லாம் ஒத்துவராதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர். நானும் தலையாட்டி அனுப்பி வைத்தேன். 

கண் திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேட்டூரிலிருந்து ஒரு நர்ஸ் வந்திருந்தாள். குட்டிகளில் ஒன்றுக்கு ஸ்பிரிங் ஒடிந்திருந்தது, மற்ற இரண்டும் வேறு ஆட்கள் கையில். திருப்பி அனுப்ப மனம் வராமல், ஆண்கள் சுடும் முழு அளவுத் துப்பாக்கியைக் கொடுத்தேன். மனசுக்குள் பயம்தான். அவள் சாதாரணமாகத் தூக்கினாள், சுட்டாள், திரும்பி என்னைப் பார்த்து, "இவ்வளவுதானாக்கா?" என்றாள். காகிதத்தில் பத்துக்கு எட்டு வட்டத்துக்குள். அவளுக்குப் பதினைந்து நாளுக்கு முன்பு, அதே உயரம், அதே உடம்பு வாகில் ஒரு பெண்ணுக்கு நான் குட்டியைக் கொடுத்து அழ வைத்து அனுப்பியிருந்தேன்.

ஏன் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நாமக்கல் ரோட்டில் ஒரு பள்ளம். அதில் லோடு லாரியும் இறங்குகிறது, காலி ஆட்டோவும் இறங்குகிறது. எது குதிக்கும்? துப்பாக்கியும் அப்படித்தான். ஒரே குண்டாக இருந்தால், லேசான துப்பாக்கி கையில் அதிகமாக உதைக்கும், கனமானது உதையைத் தானே வாங்கிக்கொள்ளும். குழல் குட்டையானால் குறி பார்க்கும் இரண்டு முனைகளும் கிட்டக் கிட்ட வந்துவிடும், கை ஒரு மயிரிழை பிசகினாலும் குண்டு எங்கோ போகும். சட்டைப்பையில் ஒளித்து வைக்கச் செய்த சாமானை, கற்றுக்கொள்ள வந்தவள் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்குச் சுட வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து என் முறையை மாற்றினேன். அத்தா கடைக்குப் பக்கத்துத் தையல் கடையிலிருந்து ஒரு டேப் வாங்கி வந்தேன். பெட்டகத்தில் இருந்த ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும், பிடியின் முதுகிலிருந்து, சுடுவதற்கு இழுக்கும் விசை வரை எவ்வளவு தூரம் என்று அளந்து, சீட்டில் எழுதி உறையில் ஒட்டினேன். புதிதாக வருகிறவளை உட்கார வைத்து, தண்ணீர் நிறைந்த குடத்தை எந்தக் கையால் தூக்குவாய் என்று கேட்பேன். அந்தக் கையில், கட்டைவிரல் பிரியும் இடத்திலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் சதை வரை அளப்பேன். இரண்டு அளவும் ஒத்துப்போகிற துப்பாக்கிகள் மட்டும் மேசைக்கு வரும். அதில் குட்டியும் இருக்கலாம், குண்டனும் இருக்கலாம், எனக்குக் கவலையில்லை.

அடுத்தது கண். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் ஒரு சின்ன முக்கோணம் விட்டு, அதன் வழியாகத் தூரத்துக் கரண்டுக் கம்பத்தைப் பார்க்கச் சொல்வேன். ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் அப்படியே நிற்கிறதோ அதுதான் குறி பார்க்கும் கண். பிறகு காலித் துப்பாக்கி. அவளே திறந்து, அவளே விரல் விட்டுப் பார்த்து, வாய்விட்டு "காலி" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் செல்லாது. பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, கையை நீட்டி, அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல்வேன். குறியின் முன்முனை பின்முனையின் பள்ளத்தில் தானாக உட்கார்ந்திருந்தால் அந்தத் துப்பாக்கி அவள் கைக்கு ஒத்துப்போகிறது. மூன்று தடவை பார்ப்பேன். கடைசியாகக் குழல்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, காலியாகவே விசையை இழுக்க வேண்டும். நாணயம் விழாமல் ஐந்து தடவை இழுத்த பிறகுதான் குண்டு, அதுவும் ஒன்றே ஒன்று.

சுபேதார் சாருக்கு இது பிடிக்கவில்லை. "இது இன்னா ஜவுளிக்கடையா, ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக் காட்றதுக்கு?" என்று கேட்டார்.

"ஜவுளிக்கடையிலயே அளவு பாத்துத்தான் சார் குடுக்குறாங்க" என்றேன்.

அவர் சுடுதளத்துப் பக்கம் போய்விட்டார். தடுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. 'மகளிர்' பெட்டி கீழ்த்தட்டிலேயே இருந்தது, நான் அதைத் திறப்பதை நிறுத்தினேன். இப்படியே எங்களுக்குள் ஒரு சமாதானம் ஓடியது, வளர்மதி வரும் வரை.

வளர்மதிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் தோட்டம். கணவர் ரிக் வண்டி வைத்து போர்வெல் போடும் தொழில் செய்தவர், மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். கணவரிடம் லைசென்ஸ் போட்ட .32 காலிபர் ரிவால்வர் ஒன்று இருந்தது. அவர் இறந்ததும் அதை முறைப்படி ஆயுதக்கடையில் ஒப்படைத்துவிட்டார்கள். வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டிருந்தாள். பத்திரமாகக் கையாளத் தெரியும் என்று எங்களைப் போன்ற பயிற்சித் தளம் சான்றிதழ் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகரும்.

"எதுக்கும்மா உங்களுக்கு?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"எங்க கொழுந்தனாரு அதத் தன் பேருக்குக் கேக்குறாருங்கக்கா" என்றாள். "துப்பாக்கி போனாப் போகுதுங்க. ஆனா அது அவருகிட்டப் போச்சுன்னா, தோட்டத்து ஊட்டுல ஒண்டியா எப்புடி இருப்பீங்க, பூட்டிப்போட்டு மககிட்டப் போயிருங்கம்பாருங்க. இப்பவே சொல்றாருங்க. நா அந்த ஊட்டுல இருவத்தஞ்சு வருசமா இருக்கறனுங்க. ஆடு பதினெட்டு இருக்குது, தென்னை இருக்குது. நா எதுக்குங்க போகோணும்?"

அவள் அழவில்லை. கேள்வி கேட்பது மாதிரித்தான் கேட்டாள்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். கணவர் வைத்திருந்த அதே மாடல் ரிவால்வர் எங்கள் பெட்டகத்திலும், அந்த 'மகளிர்' பெட்டிக்குள் ஒன்று இருந்தது. "அவரு வெச்சிருந்த மாதிரியே குடுங்கக்கா, அதத்தான நா வெச்சிருக்கப்போறேன்" என்றாள். புருஷனைப் பறிகொடுத்து நாற்பது நாள்கூட ஆகாதவள் கேட்கிறாள். என் டேப்பை நான் எடுக்கவில்லை. கண் பார்க்கவில்லை. நாணயம் வைக்கவில்லை. மனசு இளகிப்போய் நேராக அந்த ரிவால்வரைக் கொடுத்தேன்.

சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்கு விதிப்படி முதல் நாளே ஒரு சோதனை உண்டு. பத்து மீட்டரில் பத்து குண்டு, ஏழு வட்டத்துக்குள் விழுந்தால் தேர்ச்சி. ரிவால்வரின் பின்பக்கம் இருக்கும் சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் விசை இலகுவாகும், சுபேதார் சார் அதை அனுமதிப்பதில்லை, ஒவ்வொரு குண்டுக்கும் முழு இழுப்பு இழுக்க வேண்டும். குட்டைக் குழல், கல் மாதிரி விசை. வளர்மதியின் கை பலமான கை, ஆனால் விரல் குட்டை. நகக்கண்ணுதான் விசைக்கு எட்டியது. எட்ட வைப்பதற்காகப் பிடியைத் திருகிப் பிடித்தாள், உதை முழுதும் கட்டைவிரல் மூட்டில் விழுந்தது. மூன்று குண்டு வட்டத்துக்குள். நாலு குண்டு காகிதத்திலேயே இல்லை.

பதிவேட்டில் பெயர், தேதி, வட்டத்துக்குள் எத்தனை, கடைசிக் கட்டத்தில் 'தகுதி: உண்டு, இல்லை'. நான் 'இல்லை' என்று எழுதினேன். முதல் நாள்தானே, பயிற்சி முடிந்து மறுபடி சுட்டால் கீழே 'உண்டு' எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. சுபேதார் சார் கையெழுத்துப் போட்டு ஊதிக் காயவைத்தார்.

அந்த வாரமே கொழுந்தனார் செல்வராசு வந்தார். முரட்டு ஆள் இல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, வணக்கம் சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்தார். "எங்க நங்கையா பேர்ல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க" என்றார். அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கையா என்பார்கள். "ஒண்டியா இருக்கறப்ப கைய கால சுட்டுக்கிற மாதிரி ஆகிருமேன்னுதானுங்க." பேசிக்கொண்டே பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டு மனு எழுதிக் கொடுத்தார். குடும்பத்து ஆள், முறையாகக் கேட்கிறார், அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்கள். அவர் அதை வைத்து ஆட்சேபணை போட்டார். பத்து நாளில் கிளப்புக்கு லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மனுதாரருக்கு ஆயுதம் கையாளும் தகுதி இல்லை என்று உங்கள் பதிவேட்டில் இருப்பது சரிதானா, உறுதி செய்யவும்.

 நான் எழுதிய ஒரு வார்த்தை. அதை வைத்து ஒரு பெண்ணை அவள் வீட்டிலிருந்து கிளப்பப் போகிறார்கள்.

சுபேதார் சாரிடம் ஓடினேன். "சார், துப்பாக்கி அவங்க கைக்குப் பொருந்தல. நான் அளவு பாக்காமக் குடுத்துட்டேன். தப்பு என்மேல. அந்த வரியத் திருத்தணும் சார்."

"எழுதனது எழுதனதுதாம்மா" என்றார். "மூணு பட்டுச்சு. தகுதி இல்ல. ஆமான்னுதான் பதில் போடணும்."

"துப்பாக்கிய மாத்திக் குடுத்தாச் சுடுவாங்க சார்."

"துப்பாக்கிய ஏம்மா கொற சொல்ற? நானே பாத்து வாங்குனது. பொம்பளைங்களுக்கு அதுக்கு மேல இன்னா வேணும்?"

இத்தனை வருடத்தில் அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அந்த ஜவுளிக்கடைப் பேச்சு ஒன்றுதான். அன்று எனக்கு எங்கிருந்து அவ்வளவு துணிச்சல் வந்ததோ தெரியாது. பெட்டகத்தைத் திறந்தேன். அந்த ரிவால்வரை எடுத்தேன். உருளையைத் திறந்து, ஆறு ஓட்டையும் காலியாகத் தெரிகிற மாதிரி அவர் மேசைமேல் வைத்து, ஒரு எட்டு பின்னால் நகர்ந்தேன். பக்கத்தில் பத்து குண்டு.

"அதே துப்பாக்கி, அதே தூரம், முழு இழுப்பு. நீங்க சுடுங்க சார். ஏழு பட்டுச்சுன்னா நான் இன்னைக்கே சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன்."

ஆபீசில் இருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வந்து என்ன, வார்த்தை வாயைவிட்டுப் போயாயிற்று.

அவர் ரொம்ப நேரம் ரிவால்வரைப் பார்த்தார். குனிந்தார், சுண்டுவிரலால் ஒவ்வொரு ஓட்டையாகத் துழாவினார். எடுத்துக்கொண்டு எழுந்தார். தளத்தில் போய் நின்று காதுக்கவசம் மாட்டினார். அவர் கை பெரிய கை, குட்டிப் பிடியில் இரண்டு விரல்தான் நின்றது, மற்ற இரண்டும் காற்றில். கண்ணில் புரை எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் குழல் முனை கீழே தாழ்ந்து மேலே ஏறியது. அவசரப்படவே இல்லை. பத்தும் சுட்டார். காகிதத்தை நானே போய் எடுத்து வந்தேன். பத்தும் காகிதத்தில் இருந்தன. வட்டத்துக்குள் ஐந்து.

அவர் காகிதத்தைத் தொடவில்லை. ரிவால்வரைத் திறந்து மேசையில் வைத்தார். பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். வளர்மதியின் பெயருக்கு நேர் கீழே, அன்றைய தேதி போட்டு, தன் பெயரை எழுதினார். வட்டத்துக்குள் எத்தனை என்ற கட்டத்தில் ஐந்து. கடைசிக் கட்டத்தில், நிறுத்தி நிதானமாக, 'இல்லை'. ஊதிக் காயவைத்தார்.

"இந்தப் பக்கத்தையே பதிலோட அனுப்பு" என்றார். "முப்பது வருசம் பட்டாளத்துல இருந்தவனுக்கும் தகுதி இல்லன்னு தெரிஞ்சிக்கட்டும்." பிறகு ஸ்கேலை எடுத்து, அடுத்த பக்கத்தில் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ஒரு கோடு கிழித்து, தலைப்பில் 'எந்தத் துப்பாக்கி' என்று எழுதினார். "அந்தம்மாவ வரச் சொல்லு. உன் டேப்ப எடுத்துக்கோ."

நான் பெட்டக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமா, பயம் விட்ட அழுகையா, எனக்கே தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வளர்மதிக்குப் போன் செய்தேன்.

மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள். ஆட்டுக்குத் தீனி போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பி வருவாள். அளந்து பார்த்ததில் பெட்டகத்தில் இரண்டுதான் அவள் கைக்கு ஒத்து வந்தன. இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிப் பிடித்தபோது மூன்று தடவையும் குறி நேராக உட்கார்ந்தது. நீளக் குழல், மெலிந்த மரப்பிடி, பழைய ரிவால்வரைவிடக் கால் கிலோவுக்குமேல் கனம். ஆண்கள் தட்டில் இருந்தது. தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கனமா இருக்குதுங்களேக்கா, எனக்கு ஆகுங்களா?" என்றாள்.

"ஆட்டுக்குட்டி எத்தன கிலோ இருக்கும்?"

"பொறந்ததுன்னா ரெண்டர, மூணு கிலோ இருக்குமுங்க."

"அத ஒத்தக் கையில தூக்குவீங்களா மாட்டீங்களா?"

சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்துப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் குண்டே கொடுக்கவில்லை, நாணயம் மட்டும்தான். மூன்றாம் நாள் ஒரு குண்டு. கண்ணை மூடாமல் சுட்டாள். பழைய ரிவால்வரில் கற்றுக்கொண்ட பயம் போக மேலும் ஒரு வாரம் ஆனது. சில நாள் எனக்கே பொறுமை போய்க் கத்தியிருக்கிறேன். அவள், "கத்துங்கக்கா, எனக்கொண்ணும் இல்லீங்க, நாம் போவமாட்டேன்" என்பாள்.

தேர்வு நாளில் செல்வராசுவும் வந்து கம்பிவேலிக்கு வெளியே நின்றார். அவர் பார்க்கட்டும் என்றுதான் நானும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து குண்டு, ஒவ்வொன்றும் முழு இழுப்பு. எட்டு வட்டத்துக்குள். சுபேதார் சார் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை எண்ணினார். 'எந்தத் துப்பாக்கி' என்ற கட்டத்தில் அதன் எண்ணையும் குழல் நீளத்தையும் எழுதி, அடுத்த கட்டத்தில் 'உண்டு' என்று போட்டார்.

வெளியே வந்தவளிடம் செல்வராசு, "அப்ப எங்கண்ணனோடது உங்களுக்கு வேண்டாமுங்களா நங்கையா?" என்று கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது, நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

"உங்கண்ணன் அதுல ஒரு குண்டுகூடச் சுட்டதில்லீங்க தம்பி" என்றாள் வளர்மதி. "பீரோவுல வெச்சுப் பூட்டுனதோட சரி. அதக் கடைக்காரருக்கே குடுத்துப்போட்டு எங்கைக்கு ஆவுறத வாங்கிக்கிறேன். உங்களுக்கு அவரு ஞாபகமா ஏதாச்சும் வேணும்னா அந்த வாட்ச எடுத்துக்கங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு காரில் ஏறிவிட்டார்.

என்னிடம் இன்றும் சிலர் கேட்பார்கள், பொம்பளை கையில் துப்பாக்கி எதற்கு, இதெல்லாம் நல்லதுக்கா என்று. ஆம்பளை கையில் எதற்கு என்று அதே வாய் கேட்டு நான் பார்த்ததில்லை. துப்பாக்கி யார் கையிலும் சும்மா இருக்கக்கூடாது என்பதுதான் என் கட்சி. வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் நிறைய உண்டு, ஆணிலும் உண்டு பெண்ணிலும் உண்டு. கோபக்காரர்களை அனுப்பியிருக்கிறேன், குடித்துவிட்டு வந்தவர்களை அனுப்பியிருக்கிறேன். ஆனால் கைக்குப் பொருந்தாததைக் கொடுத்து, அவளுக்குத் தகுதி இல்லை என்று எழுதுகிற வேலையை நான் அதற்கப்புறம் செய்யவில்லை. இனிமேல் செய்கிறவர்களையும் சும்மா விடப் போவதில்லை. ரோஸ் கலர் அடித்தாலும் சரி, பூ ஒட்டினாலும் சரி.

சான்றிதழ் போன பிறகு லைசென்ஸ் அலுவலகத்தில் நேர் விசாரணை வைத்தார்கள். பயிற்சி கொடுத்தவள் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வளர்மதி இஸ்திரி போட்ட சேலையில், ஒரு மஞ்சப்பையில் காகிதங்களோடு வந்திருந்தாள். அதிகாரி இளவயதுக்காரர். பதிவேட்டு நகல்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சுபேதார் சாரின் பெயருக்கு நேரே 'இல்லை' என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, "இது யாருங்க?" என்று என்னைக் கேட்டார். "அவருதான் எங்க சுடுதளப் பொறுப்பாளர், கீழ கையெழுத்துப் போட்டிருக்கறதும் அவருதான்" என்றேன். அதிகாரி நகல்களை அடுக்கி வைத்தார். பிறகு வளர்மதி பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரிம்மா. ஒரே ஒரு கேள்வி. துப்பாக்கியக் குடுத்தா அத வெச்சு என்ன செய்வீங்க? யாரச் சுடப்போறீங்க?"

"யாரையும் சுடலீங்க சாமி" என்றாள் வளர்மதி. "எங்க ஊட்டுலயே இருப்பனுங்க."